கெல்லி கோட்டையும் மாரியம்மன் கோயிலும்

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடந்து ஈப்போ செல்லும் சிங்கப்பூரர்கள் பலர், பத்து காஜாவில் உள்ள கெல்லி கோட்டையையும் பார்த்து வருகின்றனர். ஸ்காட்லாந்திலிருந்து 20 வயதில் மலாயா வந்து ரப்பர் தோட்ட முதலாளியான வில்லியம் கெல்லி ஸ்மித், 1915ல் கட்டத் தொடங்கிய மாளிகை அது.

செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து வந்தன. கட்டியவர்கள் மெட்ராஸிலிருந்து வந்த சுமார் 70 கைவினைஞர்கள். ஆறு மாடிக் கோபுரத்தில் மின்தூக்கிக்கும் இடம் விட்டார்கள்.

ஸ்பானியக் காய்ச்சல் பரவித் தொழிலாளர்கள் பலர் மாண்டனர். எஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் கேட்டனர். ஸ்மித் கட்டிக்கொடுத்தார். நன்றியாக, தெய்வச் சிலைகளோடு அவருக்கும் அங்கே ஒரு சிலை வைத்தனர்.

1926ல் லிஸ்பனில் நிமோனியாவால் ஸ்மித் இறந்தார். மாளிகை பாதியிலேயே நின்றது. அடுத்த முறை போனால், கோட்டையில் படம் எடுத்ததும் திரும்பிவிடாதீர்கள். நம்மவர்கள் கேட்டு வாங்கிய கோயிலுக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.