குளப்படிவிற் கிடந்த ஆமைகள்

ஐம்பொறிகளை அடக்கியாளும் அறிவோர்க்கு ஆமையை உவமை கூறுதல் நம்மவர் மரபு. தலையையும் நான்கு கால்களையும் ஓட்டினுள் ஒடுக்கும் இயல்பே அவ்வுவமைக்குக் காரணமாயிற்று. புவிச்சரிதவியலாளர்க்கோ அவ்வோடே பெரும்பொருளாகும். பிற விலங்குகளின் மெல்லிய எலும்புகள் சிதைந்தழிந்த இடங்களிலும் ஆமையோடு எஞ்சிநிற்பதுண்டு. இருபது கோடி ஆண்டுகளுக்கு மேலாக ஆமையினம் இவ்வுலகில் வாழ்ந்து வருகின்றது என நாம் அறிவது அவ்வோடுகளின் சான்று கொண்டேயாம். ஆயினும், ஓர் உயிர் இருந்தது என அறிதல் வேறு. அது எவ்வாறு வாழ்ந்தது, எவ்வாறு மாண்டது என அறிதல் வேறு. பின்னதை உணர்த்த வல்லவை பண்டைய நீர்நிலைகளின் அடிப்படிவுகளே.

ஓடும் ஆற்றில் இறந்த உயிரின் உடல் நீரால் அலைக்கப்பட்டுச் சிதறும். நிலத்தில் இறந்தது ஊனுண்ணிகளுக்கு இரையாகும். அசைவற்ற ஆழ்நீரின் அடியிலோ நிலைமை வேறு. மேல்நீரும் கீழ்நீரும் கலவாத இடத்து, அடியில் ஒட்சிசன் அற்றுப்போகின்றது. ஆங்கு உடலைக் கிளறி உண்ணும் உயிர்கள் வாழா. அழுகலும் மெல்லவே நிகழும். அதன்மேல் நுண்ணிய சேறு படலம் படலமாகப் படிந்து, காலப்போக்கிற் கல்லாக இறுகுமாயின், உடல் கிடந்த கோலமும் குலையாது நிலைபெறும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஜேர்மனி நாட்டில் டாம்ஸ்ராட் நகருக்கு அணித்தாயுள்ள மெஸ்ஸல் என்னும் பள்ளமாகும். ஏறத்தாழ 4 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் கீழிருந்து எழுந்த எரிமலைக் குழம்பு நிலத்தடி நீரைத் தீண்டியது. நீர் ஒருங்கே ஆவியாகி வெடித்தமையால் ஆழ்ந்த குழியொன்று தோன்றிற்று. பின்னர் அக்குழியில் நீர் நிறைந்தது. அகலத்திற் சிறியதாயினும் ஆழத்திற் பெரியதாகிய அந்நீர்நிலையின் அடியில், ஆண்டொன்றுக்கு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்களவாகச் சேறு படிந்து வந்தது. முற்காலக் குதிரைகள், வௌவால்கள், பறவைகள், மீன்கள், நிறம் மங்காத வண்டுகள் ஆகியன இப்படிவிலிருந்து எடுக்கப்பட்டுள்ளன.

அவற்றுள் வியப்பு மிக்கவை அல்லியோகெலிஸ் என்னும் சாதி ஆமைகள். இவற்றுட் பல இணை இணையாகவே கிடந்தன. இவ்வாறான 9 இணைகளை வால்ற்றர் ஜொய்ஸ் என்பாரும் பிறரும் ஆராய்ந்து 2012 ஆம் ஆண்டில் முடிபு வெளியிட்டனர். ஒவ்வோர் இணையிலும் ஒன்று ஆண், மற்றது பெண். ஆண் உருவிற் சிறியது; அதன் வால் நீண்டது. இரண்டு இணைகளில் ஆணின் வால் பெண்ணின் ஓட்டின்கீழ் வளைந்து கிடந்தது. இவை கலவியின்போதே இறந்தன என்பது இதனாற் பெறப்பட்டது. முதுகெலும்பு விலங்குகளின் கலவி உயிர்ச்சுவடாகக் கிடைத்தமை இதுவே முதன்முறை.

நஞ்சூறிய நீரில் இவை ஏன் கூடின என்னும் வினா இங்கு எழும். மேல்நீரும் நஞ்சாயிருந்திருப்பின் ஆமைகள் ஆங்கு வாழ்ந்து இணைசேர்ந்திரா. ஆகவே மேல்நீர் நன்னீராயிருந்தது எனக் கொள்ளல் வேண்டும். தீங்கு ஆழத்திலேயே இருந்தது. இவ்வாமைகளுக்கு இன்று மிக நெருங்கிய உறவாயுள்ளது நியூகினியிலும் வட அவுஸ்திரேலியாவிலும் வாழும் பன்றிமூக்கு ஆமை. நம் நாட்டுக் குளங்களில் வாழும் பாலாமையின் குடும்பமும் இதற்கு உறவுடையதே. இவ்வினத்து ஆமைகளின் தோல் நீரிற் கரைந்த ஒட்சிசனை உறிஞ்ச வல்லது. நீரின்கீழ் நெடுநேரம் தங்குவதற்கு உதவும் இவ்வாற்றல் மெஸ்ஸலிற் கேடாய் முடிந்தது. கலவியில் ஈடுபட்ட இணை அசைவற்று மெல்ல மெல்லக் கீழே அமிழ்ந்தது. எரிமலை வாயுக்களாலோ அழுகற்பொருள்களாலோ நஞ்சாகிய ஆழ்நீரை எய்தியதும், உயிர்தரும் தோலே நஞ்சையும் உள்வாங்கிற்று. இதுவே அவ்வாராய்ச்சியாளர் கூறும் விளக்கம்.

சீன நாட்டின் சிஞ்சியாங் மாகாணத்துத் துர்பான் வடிநிலத்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. ஆங்கு ஏறத்தாழ 16 கோடி ஆண்டுப் பழமையுடைய படிவொன்றிற் சுமார் 1800 ஆமைகள் புதைந்துள்ளன என மதிப்பிட்டுள்ளனர். சிலவிடத்துச் சதுர மீற்றரொன்றில் 36 வரை நெருங்கிக் கிடந்தன. கடும் வறட்சியில் எஞ்சிய நீர்நிலையை நாடி ஆமைகள் திரண்டன. மழை தாழ்த்தமையால் மாண்டன. பின் வந்த பெருவெள்ளம் அவற்றைச் சேற்றுடன் வாரி ஓரிடத்திற் குவித்தது என்பர். ஓரிடத்து நீரின் நஞ்சும், மற்றோரிடத்து நீரின் இன்மையும் கூற்றுவனாயின. எலும்புகள் கிடந்த முறையை நோக்கியே இவ்வேறுபாடு அறியப்படுகின்றது.

ஆதலின் உயிர்ச்சுவட்டைப் பெயர்த்தெடுத்தல் மட்டும் போதாது; அது கிடந்த இடமும் காக்கப்படல் வேண்டும். மெஸ்ஸற் கல்லிற் பத்தில் நான்கு பங்களவு நீர் உண்டு. வெயிலிற் காயுமாயின் கல் பிளந்து நொறுங்கும். உயிர்ச்சுவடும் உடன் அழியும். எனவே அதனை ஈரத்துடன் பேணி, ஒருபுறத்தைத் துலக்கிச் செயற்கைப் பிசினை வார்த்து, பின் மறுபுறத்துக் கல்லை நீக்குவர். இத்துணை நொய்ய கருவூலத்துக்கு நேரவிருந்த இடர் பெரிது. எண்ணெய்க்காக அகழப்பட்ட இப்பள்ளத்தில் 1971 ஆம் ஆண்டில் அகழ்வு நின்றது. பின்னர் அதனைக் குப்பையால் நிரப்பத் திட்டமிட்டனர். அறிஞரும் ஊரவரும் நெடுங்காலம் எதிர்த்து நின்றனர். ஈற்றில் ஹெஸ்ஸ மாநில அரசு 1991 இல் அதனை விலைக்கு வாங்கியது. 1995 இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. மேலே கூறிய 9 இணைகளின் ஆராய்ச்சி வெளிவந்தது அதற்குப் பதினேழு ஆண்டுகளின் பின்னரேயாம். பள்ளம் நிரப்பப்பட்டிருப்பின், நான்கரைக் கோடி ஆண்டுகள் காத்த படிவை ஒரு தலைமுறையின் கழிவு மூடியிருக்கும்.

பயனற்றதெனத் தோன்றும் ஒரு பள்ளத்தின் பெறுமதியை இன்றைய தேவை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு துணிதல் தகாது. அதன் அடியில் எழுதப்பட்டுள்ளவற்றைப் படிக்கும் அறிவு நமக்குப் பின் வருவோர்க்கு வாய்க்கக்கூடும். அதுவரை அவ்வேட்டைச் சிதையாது காத்தல் நம் கடனாகும்.