பெயர் நின்றது, நிலம் மறைந்தது

நிலத்தின் இயல்பு நோக்கி அதற்குப் பெயரிடுதல் மக்கள் வழக்கம். குறிஞ்சியும் முல்லையும் அந்நிலங்களிற் பூக்கும் பூவினாற் பெயர் பெற்றமை நாம் அறிந்ததே. ஆயின், நிலம் முற்றாக உருமாறிய பின்னரும் பெயர் மாத்திரம் எஞ்சி நின்று சாட்சி பகர்வதும் உண்டு. அத்தகைய பெயர்களுள் ஒன்று ‘லாந்து’ என்னும் பிரெஞ்சுச் சொல். மரஞ் செறியாது, ஹெதர் முதலிய குறுஞ்செடிகளும் புதர்களும் படர்ந்த வெளியை அது குறிக்கும். ஆங்கிலப் புவியியல் நூல்களில் மணற்பாங்கான அத்தகைய வெளிக்கு அருகியே வழங்கும் இச்சொல், பழைய கெல்திய மொழியிலிருந்து வந்தது என்பர் மொழிநூலார். ஆங்கிலேயர் தம் வீட்டுப் புற்றரைக்கு வழங்கும் ‘லோன்’ என்ற சொல்லும் இதன் வழிவந்ததே.

இப்பெயரைத் தாங்கி நிற்கும் நாடு பிரான்சின் தென்மேற்கே, அத்திலாந்திக்கு சமுத்திரத்தை அடுத்துள்ள கசுக்கோனி. பனியூழிக் காலத்துக் காற்று அள்ளிச் சொரிந்த மணலே அச்சமவெளி. மணலின் அடியில், சிறிது ஆழத்தில், இரும்புக் கலப்பால் இறுகிய பாறை போன்ற படையொன்று கிடக்கின்றது. அதனை ‘அலியோசு’ என்பர். அப்படை நீரைக் கீழே இறங்கவிடாது. சமவெளியாதலின் நீர் வழிந்தோடவும் இடமில்லை. ஆகவே மாரியில் வெள்ளக்காடு. கோடையில் வறண்ட மணல்.

அவ்வெளியில் ஆயர்கள் மரக்காலில் நின்று ஆடு மேய்த்தனர். சிலப்பதிகாரத்தில் மரக்காலாடலைப் படித்த நமக்கு மரக்கால் கூத்துக்குரியது. அவர்களுக்கோ அது தொழிற்கருவி. தேங்கிய நீரைக் கடக்கவும், புதர்களுக்கு மேலாக நெடுந்தூரத்து மந்தையை நோக்கவும் அது உதவிற்று. மந்தையின் எரு, வளமற்ற மணலிற் ‘றை’ என்னும் தானியத்தை விளைவித்தது. வெளியோ பெரும்பாலும் ஊர்ப் பொதுநிலம். சொந்த நிலம் இல்லாதவனும் அதில் ஆடு மேய்த்துப் பிழைத்தான்.

பாரிசிலிருந்து நோக்கிய அதிகாரிகளுக்கு இவை புலப்படவில்லை. அவர்கள் கண்டது பயனற்ற தரிசும் காய்ச்சல் பரப்பும் சதுப்புமே. மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், 1857ஆம் ஆண்டு யூன் 19ஆம் நாள் ஒரு சட்டம் பிறந்தது. ஊர்ச் சபைகள் தம் பொதுநிலத்தில் வடிகால் வெட்டி மரம் நாட்டல் வேண்டும் என்பது அதன் கட்டளை. அச்செலவைத் தாங்க இயலாத சபைகள் நிலத்தை விற்றன. வாங்கியோர் பொருள் படைத்தோர். பொறியியலாளர் சம்பிரெலான் வகுத்த முறைப்படி வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. கடற்பைன் மரங்கள் எழுந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1861 முதல் 1865 வரை, அந்நாட்டுப் பிசின் வராது போகவே, கசுக்கோனிப் பிசின் விலையேறிக் காட்டுடையாரைச் செல்வராக்கியது.

நன்மை விளையவில்லை என்று நான் கூறேன். தேங்கிய நீர் வடிந்தது, காய்ச்சல் தணிந்தது, பலருக்குப் புதிய தொழில் கிடைத்தது. ஆனால் மேய்ச்சல் வெளி போயிற்று, மந்தை போயிற்று, மந்தையோடு மரக்காலும் போயிற்று. இன்று ‘லாந்து’ மாவட்டத்துக்குச் செல்வோர் காண்பது நிரை நிரையாக நிற்கும் பைன் காடு. அயல் மாவட்டங்களையும் சேர்த்து ஏறத்தாழப் பத்து இலட்சம் ஹெக்டேயர் பரப்புடையது அது. ஒரேவகை மரம் செறிந்த காட்டுக்குத் தீ பெரும் பகை. 1949ஆம் ஆண்டுத் தீயில் 82 பேர் மாண்டனர். 2022ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மாத்திரம் 20,000 ஹெக்டேயர் எரிந்தது.

மறைந்துகொண்டிருந்த அவ்வெளியை மறவாது காத்தவர் பெலிக்சு ஆர்னோதன். 1844இல் லபுயேர் என்னும் சிற்றூரிற் பிறந்த அவர், 1921இல் இறக்கும்வரை, ஆயர்களின் பாட்டையும் கதையையும் சொல்லையும் ஊர் ஊராகத் திரிந்து தொகுத்தார். பெருந்தொகையான ஒளிப்படங்களும் எடுத்தார். அவர் நாட்டுப்பாடற் றொகுதி 1912இல் வெளிவந்தது. வானம் மண்ணைத் தொடும் வெறுவெளியும், அதில் மரக்கால் மீது நிற்கும் தனி ஆயனும் அப்படங்களிலேயே இன்று வாழ்கின்றனர்.

‘லாந்து’ என்பதைத் தமிழில் எவ்வாறு தருவது? பாலை எனின் மாரிகால வெள்ளம் பொருந்தாது. முல்லை எனின் மேய்ச்சல் பொருந்தும், காடு பொருந்தாது. ‘தரிசு’ என்று எழுதுதல் எளிது. ஆயின் அச்சொல் நிலத்தை வருணிப்பதன்று, நிலத்தின்மீது தீர்ப்புக் கூறுவது. உழுபவன் கண்ணிற் படாத பயன் ஏதும் அதனுள் அடங்காது. அதிகாரிகள் முதலில் அச்சொல்லைச் சூட்டினர். பின்னரே நிலம் கைமாறியது. மாணவருக்கு இப்பாடம் கற்பிக்கும் ஆசிரியர் ‘மணற் புதர்வெளி’ என்று விளக்கி, ‘லாந்து’ என்ற சொல்லை அவ்வாறே ஆளுதல் நன்று என்பது என் கருத்து. ஒரு நிலத்தை அழைக்கும்போது, அதில் வாழ்ந்தோர் இட்ட பெயரையே முதலில் கேட்பது நேர்மை.