ஓடும் வண்டியும் நிற்கும் துணைக்கோளும்



2023ஆம் ஆண்டு மார்ச் மாத வெள்ளம் உங்களுக்கு மறந்திருக்காது. ஜொகூரில் 40,000க்கும் அதிகமானோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். சாலை மூழ்கி மின்சாரமும் நின்றுவிட்டால், கைப்பேசிக் கோபுரம் சில மணி நேரத்தில் ஊமையாகிவிடும். அந்த நேரத்தில் உதவிக்கு வரும் வண்டி, தன் கூரையிலேயே இணையத்தையும் சுமந்து வருமானால் எப்படி இருக்கும்?

நம் வீட்டில் ஆஸ்ட்ரோ தட்டு பொருத்தியதை நினைத்துப் பாருங்கள். "தெரியுதா? இப்போ தெரியுதா?" என்று அவர் வெளியிலிருந்து கேட்பார். "இல்லே அண்ணே!" என்று நாம் உள்ளேயிருந்து கத்துவோம். அவர் தேடியது மியாசாட் துணைக்கோளை. அது பூமத்திய ரேகைக்கு மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கிறது. வீடும் நகராது; ஒருமுறை திருப்பி முடுக்கினால் போதும்.

வண்டி அப்படியா? வளையும், குழியில் இறங்கும், மேட்டில் ஏறும். ஆகவே அதன் ஏரியல், வண்டியின் அசைவை உணரும் கருவிகளின் துணையோடு, நொடிக்கு நொடி தன்னைத் திருப்பிக்கொள்ள வேண்டும். மோட்டார் கொண்டு திருப்புவது ஒரு முறை. தட்டையான பலகையில் நூற்றுக்கணக்கான நுண்ணிய ஏரியல்களை அடுக்கி, எதுவும் அசையாமல் மின்சாரத்தாலேயே அலையின் திசையை மாற்றுவது மற்றொன்று. 2016இல் டெட்ராய்ட் கண்காட்சியில் டொயோட்டா நிறுவனம், கைமீட்டா நிறுவனத்தின் தட்டை ஏரியல் பொருத்திய காரைக் காட்டியது.

தொலைக்காட்சித் தட்டு வாங்க மட்டுமே செய்யும். இது அனுப்பவும் செய்யும். குறி தவறினால் பக்கத்துத் துணைக்கோளின் வேலை கெடும். அமெரிக்காவில் 2009இல் விதித்த விதிப்படி, அரைப் பாகைக்கு மேல் விலகினால் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் அனுப்புவதை நிறுத்த வேண்டியிருந்தது. அரைப் பாகை என்பது நம் கண்ணுக்குத் தெரியும் முழுநிலாவின் அகலம். மண்சாலையில் ஓடிக்கொண்டே அந்தக் குறியை விடாமல் பிடிக்க வேண்டும்! அதனால்தான் இக்கருவிகளை அறைக்குள் சோதித்தால் போதாது. வளைவிலும் குழியிலும் மரத்தடியிலும் ஓட்டிப் பார்த்து, தொடர்பு அறுந்தால் எத்தனை நொடியில் திரும்புகிறது என்று கணக்கெடுக்கிறார்கள்.

ஜொகூரில் நமக்கு ஒரு வசதி உண்டு. மியாசாட் ஏறக்குறைய தலைக்கு மேலேயே, சற்று மேற்கே நிற்கிறது. குன்றுகள் மறைப்பது அரிது. ஆனால் செம்பனை ஓலை மறைக்கும். கனமழையும் அலையைத் தேய்க்கும். வெள்ளக் காலத்தில் மழைதானே பெய்யும் என்று நீங்கள் கேட்பது நியாயமே. மழை சற்றுத் தணிந்தால் தொடர்பு தானே மீளும்.

கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி ஆகும். 2023இல் நம் நாட்டில் உரிமம் பெற்ற ஸ்டார்லிங்கின் கோள்களோ சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே பறப்பதால் தாமதம் குறைவு. ஆனால் அவை நிற்பதில்லை. ஒன்று மறையுமுன் மற்றொன்றைப் பிடிக்க வேண்டும்.

2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது, லைன் கிடைக்காத பிள்ளைகளுக்கு நாங்கள் பயிற்சித் தாள்களை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதனால்தான் இதை அக்கறையோடு சொல்கிறோம். அப்படியொரு வண்டி என்றாவது உங்கள் தோட்டத்துக்கு வந்தால், அதை மரத்தடியில் நிறுத்த விடாதீர்கள். பந்து விளையாடும் திடலுக்கு வழி காட்டுங்கள்.