20 டாலர் கேம்ல டெவலப்பருக்கு எவ்வளவு?

இந்த வார எபிசோட்ல ஸ்டீம், எபிக் ரெண்டையும் பத்திப் பேசினோம், ஆனா கணக்கை முழுசா சொல்லாம விட்டுட்டோம். டெக்சாஸ்ல இருந்து ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: "எபிக் கமிஷன் கம்மின்னா, அங்கயும் கேம் ஏன் அதே விலை?" வாங்க, பார்ப்போம்.

முதல்ல கணக்கு. வால்வ் நிறுவனம் 2003-ல தொடங்கின ஸ்டீம் 30% எடுக்குது. 20 டாலர் கேம் வித்தா டெவலப்பர் கைக்கு 14 டாலர். 2018 டிசம்பர்ல வந்த எபிக் ஸ்டோர்ல கமிஷன் 12%, அதனால 17.60 கிடைக்கும். அந்தச் சமயத்துல ஸ்டீமும் கொஞ்சம் இறங்கி வந்துச்சு. ஆனா யாருக்கு? ஒரு கேமோட விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினா அதுக்கு மேல 25%, 5 கோடியைத் தாண்டினா 20%. பேஸ்மென்ட்ல உக்காந்து கேம் பண்ற ரெண்டு பேருக்கு அதே 30% தான்.

இப்போ அந்த நேயரோட கேள்வி. எபிக்ல அதே கேமை 16 டாலருக்கு வித்தாலும் டெவலப்பருக்கு 14.08 வரும். அவருக்கு நஷ்டம் இல்ல, உங்களுக்கு 4 டாலர் மிச்சம். அப்புறம் ஏன் இது நடக்கறதில்ல?

இப்படி யோசிங்க. எடிசன் ஓக் ட்ரீ ரோட்ல ஒரு மளிகைக் கடை. உங்க அத்தை இட்லிப் பொடி அரைச்சு அங்க 10 டாலருக்கு விக்கறாங்க, கடைக்காரர் 3 டாலர் எடுத்துக்கறார். வீட்ல இருந்தே 8 டாலருக்குக் குடுக்கலாம்னு அத்தை நினைக்கறாங்க. கடைக்காரர், "வெளிய விலை குறைச்சா உங்க பாக்கெட் இங்க இருக்காது"ங்கறார். ஊரே அந்தக் கடைக்குத்தான் வருதுன்னா அத்தை என்ன பண்ணுவாங்க?

ஸ்டீம் இப்படித்தான் பண்ணுதுன்னு 2021-ல வழக்குப் போட்டது பே ஏரியாவைச் சேர்ந்த வுல்ஃபயர் கேம்ஸ். ஹம்பிள் பண்டில் பிறந்ததும் இவங்க கிட்ட இருந்துதான். வால்வ் இந்தக் குற்றச்சாட்டை மறுக்குது. ஸ்டீம் கீயை டெவலப்பர் வெளிய வித்தா அதுக்குக் கமிஷன் கிடையாது. விலை விதி அந்தக் கீகளுக்கு மட்டும்தான்னு அவங்க பக்கம். 2024 நவம்பர்ல சியாட்டில் நீதிமன்றம் இதைப் பல டெவலப்பர்களுக்கும் சேர்த்து வழக்காட அனுமதிச்சது. அது ஜெயிச்சதா அர்த்தம் இல்ல.

எபிக்கும் விலையை வச்சு மோதலை. டெக்சாஸ் ஃப்ரிஸ்கோவில இருக்கற கியர்பாக்ஸோட பார்டர்லேண்ட்ஸ் 3-ஐ 2019-ல ஆறு மாசம் பிசி-ல தன்கிட்ட மட்டும் வச்சுக்கிச்சு. ரசிகர்கள் கடுப்பானாங்க. நம்ம பழைய லைப்ரரி, ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட், ரிவ்யூ எல்லாம் ஸ்டீம்ல இருக்கே!

ஆனா போட்டியால ஒண்ணு நடந்துச்சு. மைக்ரோசாஃப்ட் 2021 ஆகஸ்ட்ல பிசி கேம்களுக்கு 12%-க்கு இறங்கிச்சு. 2025 ஜூன்ல இருந்து எபிக், ஒவ்வொரு கேமுக்கும் வருஷத்துக்கு முதல் 10 லட்சம் டாலர் வரை கமிஷனே எடுக்கறதில்ல.

அடுத்த தடவை ஒரு சின்ன டீமோட கேமை வாங்கறதுக்கு முன்னாடி, அவங்க சொந்தப் பக்கத்தை ஒருக்கா பாருங்க. இட்ச்.ஐஓ-ல இருந்தா இன்னும் நல்லது. அங்க கமிஷன் எவ்வளவுன்னு டெவலப்பரே முடிவு பண்ணலாம், பூஜ்யம் கூட வைக்கலாம். அத்தை வீட்டுக்கே போய்ப் பொடி வாங்கற மாதிரி.

அடுத்த வாரம் பார்ப்போம்!