ஜாப் கார்டில் இல்லாத புகார் புகாரே இல்லை: டீலர் சர்வீஸில் நம்ம வேலையை முடித்து வாங்குவது எப்படி?

(எபிசோடின் ஒலிப்பதிவு, வாசிப்பதற்கு ஏற்றபடி சுருக்கித் திருத்தப்பட்டிருக்கிறது.)

எந்த கார் வாங்கலாம், மைலேஜ் எவ்வளவு என்று பேசுறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. வாங்கின காருக்கு ஒரு கோளாறு வந்தா, டீலர்கிட்ட எப்படிப் பேசணும், கம்பெனிகிட்ட எப்படிப் போகணும், அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப்போறோம்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். 3 வருஷ வாரண்டி உள்ள ஒரு கார். 2 வருஷம் 9 மாசம் ஆனப்போ, மேடுபள்ளமான ரோட்டில் மெதுவாப் போனா ஸ்டியரிங் பக்கமிருந்து ‘கடகட’ன்னு சத்தம். சர்வீஸுக்கு விடும்போது ஓனர் வாய்வார்த்தையாச் சொல்றார். சர்வீஸ் அட்வைசரும் “பாத்துடலாம் சார்”னு தலையாட்டுறார். சாயங்காலம் வண்டி வருது, “டைட் பண்ணியாச்சு சார், ஓட்டிப் பாருங்க.” சத்தம் கொஞ்ச நாள் இல்ல, திரும்ப வருது. அடுத்த சர்வீஸுக்குப் போறப்போ வாரண்டி முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகியிருக்கு. இப்போ சொல்றாங்க: “ஸ்டியரிங் ரேக் மாத்தணும்.” எஸ்டிமேட்டைப் பார்த்தா தலை சுத்துது. “நான் போன தடவையே சொன்னேனே?” “சிஸ்டத்துல அப்படி ஒண்ணும் இல்லையே சார்.”

இங்க யாரும் பொய் சொல்லலை. ஓனர் சொன்னது உண்மை, சிஸ்டத்துல இல்லைங்கிறதும் உண்மை. அந்த ஒரு வரி எழுதப்படாததால செலவு ஓனர் தலையில வந்து விழுது. இந்த எபிசோடே அந்த ஒரு வரியைப் பத்தித்தான்.

டீலர் வேற, கம்பெனி வேற

முதல்ல ஒரு விஷயம் தெளிவா இருக்கணும். ஷோரூம் வாசல்ல கம்பெனி பேர் பெருசா எழுதியிருந்தாலும், அந்த ஷோரூமும் ஒர்க்‌ஷாப்பும் பெரும்பாலும் ஒரு தனி முதலாளியோட வியாபாரம். கார் தயாரிக்கிறது கம்பெனி, வாரண்டி கொடுக்கிறதும் கம்பெனி. ஆனா கையில ஸ்பேனர் பிடிக்கிறது டீலரோட ஆள்.

வாரண்டியில ஒரு பார்ட் மாத்துறாங்கன்னா நமக்கு அது இலவசம், டீலருக்கு இலவசம் இல்ல. பார்ட், லேபர் ரெண்டுக்கும் டீலர் கம்பெனிகிட்ட கிளெய்ம் போட்டுத்தான் காசு வாங்கணும். அதுக்கு கஸ்டமர் என்ன சொன்னார், டெக்னீஷியன் என்ன கண்டுபிடிச்சார், ஏன் இந்த பார்ட்டை மாத்தினாங்க எல்லாம் பதிவாகி இருக்கணும். கழட்டின பழைய பார்ட்டை கம்பெனி கேட்டா காட்டணும். ஆவணம் சரியில்லைன்னா கிளெய்மைத் திருப்பி அனுப்பிடுவாங்க, நஷ்டம் டீலருக்கு. அட்வைசர் வாரண்டின்னதும் கொஞ்சம் பின்வாங்குறதுக்கு இதுவும் ஒரு காரணம். அதனால நீங்க தெளிவா எழுதிக் கொடுத்தா அவருக்கும் வேலை சுலபமாகுது. இதை ஒரு சண்டையா எடுத்துக்கவே வேண்டியதில்ல.

ஜாப் கார்டில் என்ன எழுதணும்?

வண்டியை உள்ள விடும்போது ஒரு ஜாப் கார்டு போடுவாங்க. இப்போ நிறைய இடத்துல டேப்லெட்டில் டைப் பண்ணி, உங்க போனுக்கு ஓடிபி அனுப்பி ஒப்புதல் வாங்கிக்கிறாங்க. அந்த ஓடிபியைச் சொல்றதும் கையெழுத்துப் போடுறதும் ஒண்ணுதான். சொல்றதுக்கு முன்னாடி திரையை வாங்கிப் படிங்க. கஸ்டமர் சொன்ன குறைகளுக்குன்னு அதுல ஒரு பகுதி இருக்கும். பேர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்க வரி அங்க இருக்கணும்.

எழுதும்போது நோயைச் சொல்லாதீங்க, அறிகுறியைச் சொல்லுங்க. டாக்டர்கிட்ட போய் “எனக்கு அல்சர்”னு சொல்லாம, “சாப்பிட்ட அரை மணி நேரத்துல மேல் வயிறு எரியுது”ன்னு சொல்ற மாதிரி. “ஸ்டியரிங் ரேக் போயிடுச்சு”ன்னு எழுதினா, ரேக்கை மட்டும் பார்த்துட்டு “நல்லாத்தான் இருக்கு”ன்னு முடிச்சிடலாம். “மணிக்கு 20, 30 கிலோமீட்டர் வேகத்துல, மோசமான ரோட்டுல, முன்பக்கம் இடது பக்கமிருந்து கடகட சத்தம். ஒரு மாசமா இருக்கு”ன்னு எழுதினா, அந்தச் சத்தம் எங்கிருந்து வருதுன்னு அவங்க தேடித்தான் ஆகணும்.

எந்தப் புகாருக்கும் நாலு தகவல் சேருங்க: எப்போ வருது, எந்த வேகத்துல, இன்ஜின் சூடா இருக்கும்போதா குளிர்ச்சியா இருக்கும்போதா, எவ்வளவு நாளா. சத்தமா இருந்தா போன்ல பதிவு பண்ணுங்க. மீட்டர்ல எச்சரிக்கை விளக்கு எரிஞ்சா கிலோமீட்டரும் தெரியுற மாதிரி போட்டோ எடுங்க. வண்டி ஒர்க்‌ஷாப் போனதும் சமர்த்தா இருக்கும், அது காருக்குள்ள குணம்.

செக் இன்ஜின் லைட் விஷயத்துல இன்னும் ஒண்ணு. ஸ்கேனர் மாட்டினா ஒரு எரர் கோடு வரும். உதாரணமா பி0300ன்னு வந்தா, ஒண்ணுக்கு மேற்பட்ட சிலிண்டர்ல எரிபொருள் சரியா எரியலை அல்லது எந்த சிலிண்டர்னு குறிப்பாச் சொல்ல முடியலைன்னு அர்த்தம். சிலர் கோடை அழிச்சிட்டு, லைட் அணைஞ்சதும் “சரியாயிடுச்சு”ன்னு அனுப்பிடுவாங்க. கோடை அழிச்சா அடையாளம்தான் போகும், காரணம் அப்படியே இருக்கும். அழிக்கிறதுக்கு முன்னாடி அந்தத் திரையைப் போட்டோ எடுத்துக்கிறேன்னு கேளுங்க. மரியாதையாக் கேட்டா பெரும்பாலும் விடுவாங்க.

“ஒண்ணும் இல்ல சார்” என்றால்?

“டெஸ்ட் டிரைவ் பண்ணோம், சத்தம் எதுவும் வரலை.” இது ரொம்ப சகஜமான பதில். சத்தம் வர்ற ரோடு உங்க வீட்டுப் பக்கத்துல இருக்கும், அவங்க ஓட்டினது ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாடி இருக்கிற தார் ரோடு. டெக்னீஷியனை உங்க கூட உட்கார வெச்சு, சத்தம் வர்ற மாதிரி ரோட்டில் ஓட்டிக் காட்டுறேன்னு கேளுங்க. அவர் காதுல விழுந்துட்டா பாதி வேலை முடிஞ்சது.

அப்பவும் வரலைன்னா, “சோதனை செய்தோம், குறை தென்படவில்லை”ன்னு ஜாப் கார்டுலயோ இன்வாய்ஸ்லயோ எழுதி வாங்குங்க. குறை இல்லைன்னு எழுதின காகிதம் நமக்கு எதுக்குன்னு தோணலாம். அந்தத் தேதியில, அந்தக் கிலோமீட்டர்ல, வாரண்டி உயிரோட இருக்கும்போதே நீங்க புகார் சொன்னீங்கன்னு அது காட்டுதில்ல? ஒரே குறை மூணு தடவை பதிவாகியிருந்தா, அப்புறம் அதை யாரும் புதுக் குறைன்னு சொல்றது கஷ்டம்.

இதுக்கு மறுபக்கமும் உண்டு. பிரேக் பேடு, வைப்பர் பிளேடு, கிளட்ச் பிளேட் மாதிரி தேய்மானப் பொருட்களுக்கு வழக்கமா முழு வாரண்டி கிடையாது. வாரண்டி புத்தகத்துல எது அடங்கும், எது அடங்காதுன்னு ரெண்டு மூணு பக்கம் இருக்கும். சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி அதைப் படிச்சிடுங்க.

பில்லைப் பார்க்கும் விதம்

ஃப்ரீ சர்வீஸ்னா லேபர் மட்டும்தான் ஃப்ரீ. ஆயில், ஃபில்டர் மாதிரி மாத்துற பொருளுக்கு நாம காசு கொடுக்கணும். இது தெரியாம கவுன்டர்ல கோபப்படுறவங்க நிறைய.

ஆனா கேள்வி கேட்க வேண்டிய இடமும் இருக்கு. இன்ஜின் டிரஸ்ஸிங், ஏசி கிருமிநாசினி, இன்ஜெக்டர் கிளீனிங், ஏதோ ஒரு கோட்டிங், இப்படி எஸ்டிமேட்டில் வரிசையா வரும். உங்க காரோட ஓனர்ஸ் மேனுவல்ல சர்வீஸ் அட்டவணை இருக்கு. எத்தனை கிலோமீட்டர்ல எதை மாத்தணும்னு கம்பெனியே சொல்லியிருக்கு. அட்டவணையில இல்லாத ஒண்ணு எஸ்டிமேட்டில் இருந்தா, “இது எதுக்கு, செய்யலைன்னா வாரண்டிக்கு பாதிப்பு உண்டா?”ன்னு கேளுங்க. பதில் திருப்தியா இல்லைன்னா வேண்டாம்னு சொல்லிடலாம்.

எஸ்டிமேட்டைத் தாண்டி எது செஞ்சாலும் முதல்ல போன் பண்ணிக் கேட்கணும்னு ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்க. நீங்க காசு கொடுத்து மாத்தின பழைய பார்ட்டைத் திரும்பக் கேளுங்க. வாரண்டியில மாத்தினதை மட்டும் கேட்காதீங்க, அது கம்பெனி கணக்குல போகும்.

“வெளிய சர்வீஸ் பண்ணா வாரண்டி போயிடுமா?” பலரும் கேட்கிற கேள்வி. 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு எதிரா ஒரு பெரிய உத்தரவு போட்டது. ஸ்பேர் பார்ட்ஸையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாம வெச்சிருந்தாங்க, வெளிய போனாலே வாரண்டி ரத்துன்னு பொத்தாம்பொதுவா நிபந்தனை போட்டாங்கன்னு ஆணையம் கண்டிச்சது. கம்பெனிகள் அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனாங்க. அதனால நடைமுறையில நான் சொல்றது இதுதான்: வாரண்டி இருக்கிற வரைக்கும் அட்டவணைப்படி வர்ற சர்வீஸை டீலர்கிட்டயே செஞ்சு, ரசீதை வெச்சுக்குங்க. பஞ்சர், வாஷிங் மாதிரி சில்லறை வேலைக்குப் பயப்பட வேண்டாம். ஆனா ஒயரை வெட்டி லைட், ஹாரன் மாட்டினா, அந்த மின் இணைப்புல வர்ற கோளாறுக்கு வாரண்டி கேட்கிறது சிரமம்.

மேலே யாரிடம் போவது?

ரெண்டு தடவை போயும் தீரலைன்னா, அட்வைசர்கிட்டயே நிக்காதீங்க. அவருக்கு மேல ஒர்க்ஸ் மேனேஜர் அல்லது சர்வீஸ் மேனேஜர், அவருக்கு மேல டீலர்ஷிப் முதலாளி. இன்னொரு பக்கம் கம்பெனியோட கஸ்டமர் கேர்.

கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணா புகார் எண் கொடுப்பாங்க. ஆனா அந்தப் புகார் சுத்திச் சுத்தி அதே டீலருக்குத்தான் வரும். அவங்க உங்களுக்குப் போன் போட்டு “வண்டியைக் கொண்டு வாங்க”ன்னு சொல்லுவாங்க. அந்த வட்டத்துல இருந்து வெளிய வர, மெயில்ல ஒரு குறிப்பிட்ட கோரிக்கை வைங்க: “உங்கள் ஏரியா சர்வீஸ் மேனேஜர் வண்டியை நேரில் பார்த்து, எழுத்தில் பதில் தர வேண்டும்.” அவர் கம்பெனியோட ஆள், டீலரோட ஆள் இல்ல. மெயில்ல சேஸிஸ் நம்பர், வாங்கின தேதி, எந்தெந்தத் தேதியில போனீங்க, ஒவ்வொரு ஜாப் கார்டு நம்பர், என்ன பதில் சொன்னாங்க, உங்களுக்கு என்ன வேணும். ஒரு பக்கம் போதும், திட்டு வேண்டாம்.

சர்வீஸ் முடிஞ்சதும் கம்பெனியிலிருந்து ஒரு ஃபீட்பேக் கால் வரும். அதுக்கு முன்னாடியே அட்வைசர் “பத்துக்குப் பத்து கொடுங்க சார்”னு கேட்டிருப்பார். அந்த மார்க்கை டீலர்கள் லேசா எடுத்துக்க மாட்டாங்க. நல்லா செஞ்சிருந்தா தாராளமாக் கொடுங்க. குறை தீராம இருக்கும்போது பாவம் பார்த்துப் பத்து கொடுத்தா, திருப்தியான கஸ்டமர்னு நீங்களே சாட்சி சொன்ன மாதிரி ஆகிடும்.

கம்பெனிக்கும் வெளியே

முதல்ல ரீகால் இருக்கான்னு பாருங்க. ஆர்சியில இருக்கிற 17 இலக்க சேஸிஸ் நம்பரை கம்பெனி வெப்சைட்டில் போட்டா, பல கம்பெனிகள் விவரத்தைக் காட்டும். ரீகால் வேலை இலவசம். செகண்ட் ஹேண்டா வாங்கினவங்க கட்டாயம் பாருங்க, ஏன்னா கம்பெனி அனுப்புற மெசேஜ் பழைய ஓனர் நம்பருக்குப் போயிருக்கலாம்.

அடுத்து தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், 1915. தமிழ்லயே பேசலாம். அவங்க தீர்ப்பு சொல்ல மாட்டாங்க, கம்பெனிக்குப் புகாரை அனுப்பி பதில் வாங்கித் தருவாங்க. சில பிரச்சினை அதிலேயே முடிஞ்சிடும்.

முடியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்க குடியிருக்கிற ஊர்லயோ வேலை பார்க்கிற ஊர்லயோ வழக்குப் போடலாம், கம்பெனி தலைமையகம் இருக்கிற ஊருக்கு ஓட வேண்டாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தா மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்ல, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் கட்டாயம் இல்ல. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். டீலர், கம்பெனி ரெண்டு பேரையும் எதிர்த்தரப்பாச் சேருங்க. ஒருத்தரை மட்டும் சேர்த்தா, “தப்பு என்னுது இல்ல, அவங்களுது”ன்னு மத்தவரைக் கை காட்டுவாங்க.

எதிர்பார்ப்பும் நியாயமா இருக்கட்டும். “புது கார் கொடு”ங்கிற கோரிக்கை ஜெயிக்கணும்னா, தயாரிப்பிலேயே குறைன்னு நிரூபிக்கணும், அதுக்கு நிபுணர் அறிக்கை தேவைப்படும். சரியாப் பழுது பார்க்கணும், பார்ட் மாத்தணும், வாங்கின காசைத் திருப்பித் தரணும், அலைச்சலுக்கு இழப்பீடு வேணும்னு கேட்கிறது இன்னும் எட்டக்கூடியது. எல்லாத்துக்கும் அடிப்படை அந்த ஜாப் கார்டுகள்தான்.

கடைசியா ஒரு வேலை சொல்றேன். உங்க வாரண்டி எந்தத் தேதியில, எத்தனை கிலோமீட்டர்ல முடியுதுன்னு பாருங்க. எது முதல்ல வருதோ அதுதான் கணக்கு. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி போன்ல ஒரு அலாரம் வைங்க. அன்னைக்கு ஒரு பேப்பர் எடுத்து, கதவு கீச்சுச் சத்தத்திலிருந்து கியர் இறுக்கம் வரைக்கும் மனசுல இருக்கிற எல்லாக் குறையையும் எழுதி, ஒரே ஜாப் கார்டில் ஏத்திடுங்க. கார் வெச்சிருக்கிற உங்க சொந்தக்காரங்களுக்கும் இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிடுங்க.