சின்னானுக்கு வாய்த்த பெயர்

அரூர் பக்கம் தீர்த்தமலையில் படியேறுகிறவர்கள் மூச்சு வாங்க உட்காரும் இடத்தில் உண்ணிச்செடிப் புதர் இருந்தால், கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். தலையில் சிறு கரிய கொண்டை, வாலடியில் குங்குமம் தீற்றினாற்போல் சிவப்பு. கறுத்த பழத்தை விழுங்கிவிட்டு ஒரு குருவி தாவும். சின்னான் அதன் பெயர். இந்த வட்டாரத்தில் ஆட்களுக்கும் அந்தப் பெயர் உண்டு. கூப்பிட்டால் யார் திரும்புவார்களோ! கொண்டைக்குருவி என்பாரும் உண்டு. தெலுங்கில் பிகிலிபிட்ட, கன்னடத்தில் பிகளார.

பறவை நூலைப் புரட்டினால் புல்புல். தமிழில் புள் என்றால் பறவை. புள்ளும் புள்ளும் சேர்ந்து புல்புல் ஆயிற்று என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. வேர் அங்கே இல்லை. பாரசீகத்திலும் அரபியிலும் வழங்கும் சொல் அது. பாட்டொலியைக் கேட்டு அப்படியே பிறந்தது. அங்கே புல்புல் என்றால், ரோஜாவை நினைத்து இரவெல்லாம் உருகுவதாகக் கவிகள் பாடிய நைட்டிங்கேல். சின்னானுக்கு அது உறவே அல்ல, வேறு குடும்பம். கவிதை நம் நாட்டுக்கு வந்தது. அந்த இராப்பாடி நம் பக்கம் வரவில்லை. ஆளில்லாமல் நின்ற பெயர், தோட்டத்தில் கலகலத்துக்கொண்டிருந்த கொண்டைக்காரனிடம் ஒட்டிக்கொண்டது. இவனோ ஒருநாளும் 'புல்புல்' என்று கூவியதில்லை.

அறிவியல் பெயர் இன்னும் வேடிக்கை: பிக்னோநோட்டஸ் கஃபேர். முன்பாதிக்குக் கிரேக்கத்தில் அடர்ந்த முதுகு என்று பொருள். பின்பாதி தென்னாப்பிரிக்காவைச் சுட்டுகிறது. இது நன்னம்பிக்கை முனைப் பறவை என்று பிரெஞ்சுக்காரரான பிரிஸ்ஸோன் 1760இல் எழுதிவைத்தார்; அதை நம்பி 1766இல் லின்னேயஸ் பெயர் சூட்டிவிட்டார். அந்த முனையின் பூர்வீகப் பறவைகளில் இது கிடையாது. ஆனால் முதலில் இட்ட பெயருக்கே முன்னுரிமை என்பது விலங்கியல் விதி. பொருள் தப்பு என்பதற்காக மட்டும் பெயரை எடுத்துவிட முடியாது.

புல்புல் என்ற சொல்லும் சும்மா இருக்கவில்லை. 1912இல் ஜப்பானில் பிறந்த தைஷோகோட்டோ, தட்டச்சுப்பொறி போலக் கட்டைகளை அழுத்தி மீட்டும் நரம்புக்கருவி, இங்கே வந்து புல்புல்தாரா ஆயிற்று. சாரணர் இயக்கத்துச் சிறுமிகளும் புல்புல்கள். 2019 நவம்பரில் வங்கக் கரையைத் தாக்கிய புயலுக்குப் பாகிஸ்தான் தந்திருந்த பெயரும் புல்புல்தான்.

சின்னான் வலசை போகிற பறவை அல்ல. தின்ற பழத்தின் விதையை நாலு புதர் தள்ளி எச்சமாகப் போட்டுவிட்டு, மறுபடி அதே உண்ணிச்செடிக்கு வந்து உட்காரும்.