பையில் ஒரு விசில் இருக்கா? காட்டில் சிக்கினால் உயிர் தப்புவது எப்படி?

திருவள்ளூர்:-

காக்களூர் சிட்கோ, கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனிகளில் வேலை பார்க்கும் வாலிபர்களுக்கு வாரத்தில் கிடைப்பது ஒரே ஒரு லீவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பைக், எட்டு பேர். ஊத்துக்கோட்டையை தாண்டினால் ஆந்திர எல்லையில் நாகலாபுரம் மலை. அந்தப் பக்கம் போனால் வரதய்யபாளையம் அருகே உப்பலமடுகு, நம்ம ஆட்கள் சொல்லும் "தடா அருவி". கையில் பிரியாணி பொட்டலம், ஒரு பாட்டில் தண்ணீர், சிலரிடம் "வேறு" பாட்டிலும் உண்டு. வீட்டில் கேட்டால் "சும்மா பக்கத்துல போய்ட்டு வரேன்" என்று பதில்.

சிக்கலே இந்த பதிலில்தான் தொடங்குகிறது. எந்த மலைக்கு போனான், யாரோடு போனான் என்று வீட்டுக்கே தெரியாவிட்டால், போலீசும் தீயணைப்பு படையும் எங்கே போய் தேடும்?

45 மணி நேரம் பாறை இடுக்கில்...

2022-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந்தேதி. கேரள மாநிலம் பாலக்காடு அருகே மலம்புழாவில் 23 வயது வாலிபர் ஒருவர் நண்பர்களுடன் குரும்பாச்சி மலையில் ஏறினார். கால் வழுக்கி செங்குத்தான பாறையின் நடுவே ஒரு சின்ன இடுக்கில் சிக்கிக் கொண்டார். மேலே ஏற முடியாது, கீழே இறங்க முடியாது. காலில் காயம் வேறு. நண்பர்கள் காப்பாற்ற முயன்றும் முடியவில்லை. உடனே கீழே இறங்கி தகவல் சொன்னார்கள். அவரும் செல்போனில் சார்ஜ் இருந்த வரை தொடர்பு கொண்டார். சட்டையை கழற்றி வீசிக் காட்டினார்.

ஹெலிகாப்டர் வந்தும் அவர் இருந்த இடத்தை நெருங்க முடியவில்லை. குன்னூர் வெலிங்டனில் இருந்தும் பெங்களூரில் இருந்தும் ராணுவ வீரர்கள் வந்தனர். மலை உச்சிக்கு போய் அங்கிருந்து கயிறு கட்டி ஒரு வீரர் இறங்கினார். முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு தன்னோடு சேர்த்து கட்டி மேலே கொண்டு வந்தார். அப்போது பிப்ரவரி 9-ந்தேதி காலை. சோறு தண்ணீர் இல்லாமல் சுமார் 45 மணி நேரம் ஓடி விட்டது.

அவர் உயிர் பிழைத்ததற்கு காரணம் ரொம்ப சாதாரணமானது. இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. தான் இருக்கும் இடத்தை வெளியே தெரியப்படுத்தினார். பயந்து போய் தானாக இறங்கப் பார்த்திருந்தால் கதையே வேறு.

வழி தவறினால் முதல் வேலை: உட்காருங்க

வழி தவறி விட்டோம் என்று தெரிந்ததும் எல்லோரும் செய்யும் தப்பு, வேகமாக நடப்பது. அரை மணி நேரத்தில் இன்னும் இரண்டு மடிப்பு உள்ளே போய் விடுவார்கள். அப்புறம் ஆளுக்கு ஒரு திசை சொல்வார்கள், சண்டை வரும், கூட்டம் இரண்டாக பிரியும். பிரியவே கூடாது. நிழலில் உட்கார்ந்து, ஒரு மடக்கு தண்ணீர் குடித்து, கடைசியாக தெரிந்த இடம் எது என்று யோசிக்க வேண்டும். அது பக்கத்தில் இருந்து, வந்த தடமும் தெளிவாக தெரிந்தால் திரும்பலாம். இல்லை என்றால் அங்கேயே இருப்பதுதான் நல்லது. மலை மடிப்பில் சீக்கிரமே இருட்டி விடும். மதியம் 2 மணிக்கு மேல் உள்ளே போகாமல் திரும்பி விடுவது புத்திசாலித்தனம்.

"ஓடையை பிடித்து போனால் ஊர் வரும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பொய் இல்லை. 1971-ல் தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் விமானம் நொறுங்கி காட்டில் விழுந்த 17 வயது பெண் ஜூலியானே, ஓடையை பிடித்தே நடந்து 11-வது நாள் ஆட்கள் கண்ணில் பட்டார். ஆனால் அது சமவெளி காடு. நாகலாபுரம், தடா ஓடைகள் அப்படி இல்லை. பாறையில் இருந்து பாறைக்கு குதித்து, ஆழமான குட்டையில் விழும். பாசி பிடித்த பாறையில் வழுக்கியும், குட்டையில் மூழ்கியும் இந்த பக்கம் எத்தனையோ உயிர் போயிருக்கிறது. எனவே அருவி சத்தம் கேட்டால் ஓடை வழியே இறங்காதீர்கள்.

மழைக்காலத்தில் இன்னொரு ஆபத்து. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மழை கொட்டி இருக்கும். ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகு குச்சி மிதந்து வந்தாலோ செல்போன், செருப்பு எதையும் பார்க்காமல் மேட்டுக்கு ஏறி விட வேண்டும். வெள்ளம் வர சில நிமிஷம் போதும்.

பையில் என்ன இருக்கணும்?

பெரிய செலவு இல்லை. முதலில் ஒரு விசில். கத்தினால் கொஞ்ச நேரத்தில் தொண்டை கட்டி விடும், விசிலை மணிக்கணக்கில் ஊதலாம். மூன்று முறை ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி மூன்று முறை. எதையும் மூன்று முறை செய்தால் பல இடங்களில் "ஆபத்து" என்று அர்த்தம். டார்ச் லைட்டும் அப்படியே. செல்போன் டார்ச்சை நம்பி போகாதீர்கள், பேட்டரி பேசுவதற்கு வேண்டும்.

கம்பெனியில் கொடுக்கும் ஆரஞ்சு கலர், பளபள பட்டை போட்ட கோட் இருக்கிறதே, அதை வீட்டில் மாட்டி வைக்காமல் பையில் போடுங்கள். பச்சைக் காட்டில் தூரத்தில் இருந்தே பளிச்சென்று தெரியும். முகம் பார்க்கும் சின்ன கண்ணாடி இருந்தால் வெயிலை திருப்பி அடித்து காட்டலாம்.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டராவது வேண்டும். சாப்பாடு இல்லாமல் பல நாள் தாங்கலாம், தண்ணீர் இல்லாமல் மூன்று நாள் தாண்டுவதே கஷ்டம். வெயிலில் அலைந்தால் அதுவும் இல்லை. கூடவே இரண்டு உப்பு சர்க்கரை கரைசல் பாக்கெட். ஓடைத் தண்ணீரை துணியில் வடிகட்டி கொதிக்க வைத்து குடிப்பது நல்லது. அதற்கு வழியே இல்லை, நாக்கு வறண்டு விட்டது என்றால் ஓடுகிற தண்ணீரை குடித்து விடுங்கள். வயிற்றுப்போக்கை பிறகு ஆஸ்பத்திரியில் பார்த்துக் கொள்ளலாம். "வேறு" பாட்டில் தாகத்தை தீர்க்காது, உடம்பில் இருக்கும் தண்ணீரையும் இழுத்து விடும்.

ஒரு பெரிய பிளாஸ்டிக் ஷீட், கடலை மிட்டாய், பவர் பேங்க், அடையாள அட்டை. அடையாள அட்டை எதற்கு என்று கேட்காதீர்கள். ஆந்திர வனப்பகுதியில் செம்மரக் கடத்தலை தடுக்க ரோந்து உண்டு. 2015 ஏப்ரல் 7-ந்தேதி சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை மறக்க முடியுமா? அனுமதி இல்லாத காட்டுக்குள் ராத்திரி நேரத்தில் இருப்பதே வம்பு.

பழம் பறித்து தின்னலாமா?

2023-ல் கொலம்பியா நாட்டில் விமான விபத்தில் தாயை பறிகொடுத்த நான்கு குழந்தைகள், அமேசான் காட்டில் 40 நாள் தாக்குப்பிடித்தனர். மூத்த பெண்ணுக்கு வயது 13. விமானத்தில் இருந்த மரவள்ளிக்கிழங்கு மாவையும் காட்டுப் பழங்களையும் சாப்பிட்டார்கள். எந்த பழம் நல்லது என்று பழங்குடி இனத்தைச் சேர்ந்த அவர்களுக்கு வீட்டிலேயே சொல்லித் தந்திருந்தார்கள். நம்ம மாவட்டத்து இருளர் மக்களுக்கும் காடு தெரியும். ஷிப்ட் வேலை பார்ப்பவனுக்கு தெரியாது. எட்டிப்பழம் பார்க்க ஆரஞ்சு மாதிரி அழகாக இருக்கும், உள்ளே இருப்பது கொடிய விஷம். ஒருநாள் பட்டினியால் யாரும் சாகப் போவதில்லை.

பாம்பு கடித்தால்...

பாறை இடுக்கில் கையை விடாதீர்கள். தப்பித்தவறி கடித்து விட்டால் பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எல்லாம் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல், ஆளை நடக்க விடாமல் தூக்கி வர வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து ஒரே ஊசிதான். பாம்பை அடித்து எடுத்து வரத் தேவை இல்லை.

கோடையில் தீ உஷார்

2018 மார்ச் 11-ந்தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் பலியான சோகம் தெரிந்ததே. தீயைக் கண்டதும் மூலைக்கு ஒருவராக ஓடியதில் சிலர் பள்ளத்தில் விழுந்தனர். தீ எப்போதும் மேல் நோக்கி வேகமாக ஏறும். அதனால் மேலே ஓடாதீர்கள். வெறும் பாறை, ஓடை, ஏற்கனவே எரிந்து அடங்கிய இடம் எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே போக வேண்டும். பாலியஸ்டர் டி-சர்ட் உருகி தோலில் ஒட்டும், பருத்தி துணி மேல். காய்ந்த காட்டில் சிகரெட்டும் வேண்டாம், "சிக்னல்" என்று நெருப்பு மூட்டுவதும் வேண்டாம்.

112-ஐ மறக்காதீங்க

உங்கள் சிம்முக்கு டவர் இல்லை என்றாலும், வேறு கம்பெனி டவர் கிடைத்தால் 112 எண்ணுக்கு அழைப்பு போகும். பேச முடியாத இடத்தில் எஸ்.எம்.எஸ். சில நேரம் போய் விடும். எட்டு பேர் இருந்தால் ஒரே ஒரு போனை ஆன் செய்து, மற்றதை அணைத்து வையுங்கள்.

கிளம்பும் முன்பு வீட்டில் ஒரு துண்டு சீட்டு: எந்த மலை, யார் யார், பைக் நம்பர், திரும்பும் நேரம். "ராத்திரி 8 மணிக்குள்ள போன் வரலைன்னா போலீசுக்கு சொல்லும்மா" என்று ஒரு வார்த்தை.

அனுமதியோடு, வழிகாட்டியோடு போக ஆசைப்படுபவர்களுக்கு தமிழக அரசு 2024 அக்டோபரில் 40 மலைப் பாதைகளை திறந்து வைத்தது. ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். அந்த பட்டியலில் பூண்டி அருகே உள்ள நம்ம குடியம் குகையும் இருக்கிறது. காட்டுத்தீ அபாயம் உள்ள மாதங்களில் பாதைகளை மூடி விடுவார்கள், விசாரித்து விட்டு வண்டியை எடுங்கள்.